ஆற்றுக்குப் படுக்க இடம் வேண்டும்

படுவான்கரையில் காணியும் எழுவான்கரையில் தங்குமிடமுமாகக் காலங்கழித்த கமக்காரக் குடும்பங்கள் களுவாஞ்சிக்குடிப் பகுதியில் எத்தனையோ உண்டு. 1990களில் ஒருமுறை, 2007ஆம் ஆண்டு பங்குனியில் இன்னொருமுறை என்று மூட்டை முடிச்சுகளோடு வாவியைக் கடந்து வந்தவர்களில் பெரும்பாலானோர் பின்னர் திரும்பிச் சென்றனர். திரும்பியவர்களில் ஆற்றோரக் காணிக்காரர் பலர் கண்ட காட்சி ஒன்றுதான். வரம்பு கரைந்திருந்தது, வடிச்சல் தூர்ந்திருந்தது, தாம் விட்டுச்சென்ற எல்லைக் கட்டைக்கு உட்புறமாக ஆறு ஓடிக்கொண்டிருந்தது. அன்று தொடங்கி, மாரி கடுத்த வருடங்களில் அதே குடும்பங்கள் மறுபடியும் பாடசாலைக் கட்டடத்தில் பாய் விரிக்கின்றன. யுத்தத்தால் இடம்பெயர்ந்தவர்கள் இப்போது தண்ணீரால் இடம்பெயர்கிறார்கள்.

கிராமக் கூட்டங்களில் எழுதப்படும் மகஜர்களை வாசித்தால் முதலாவது கோரிக்கை அநேகமாக ஒன்றாகவே இருக்கும்: "ஆற்றங்கட்டை உயர்த்தித் தாருங்கள்." வெள்ளத்தில் அரிசிச் சாக்கைத் தலையில் சுமந்தவர்கள் இப்படிக் கேட்பதில் பிழையில்லை. ஆனால் கட்டை மாத்திரம் கேட்டால் எதைப் பெறுவோம், எதை இழப்போம் என்பதை விளங்கிக்கொண்டு கேட்பது நல்லது. இக்கட்டுரை அதற்காகவே எழுதப்படுகிறது.

எமது வாவி வடக்கே பங்குடாவெளிப் பக்கத்திலிருந்து தெற்கே கல்முனைப் பக்கம் வரை ஏறத்தாழ 56 கிலோமீற்றர் நீண்டு கிடக்கிறது. முந்தனையாறு, நவகிரியாறு, பட்டிப்பளை ஆறு என்று எம்மவர் அழைக்கும் கல்லோயாவின் வடிநீர், இவற்றோடு எண்ணற்ற சிற்றாறுகளும் மேற்கிலிருந்து இறங்கி இதில் விழுகின்றன. கடலுக்குப் போகும் வாசல்களோ இரண்டுதான். ஒன்று மட்டக்களப்பு நகருக்கு அண்மையில் பாலமீன்மடுவில், மற்றது எமக்கு அண்மையில் கல்லாற்றில். கோடையில் அவையும் மணல் மூடிக் கிடக்கும். வருட மழையின் பெரும்பகுதி கார்த்திகை, மார்கழி, தை ஆகிய மூன்று மாதங்களில் கொட்டும்போது இத்தனை தண்ணீரும் எங்கே காத்திருப்பது? முன்பு அது காத்திருந்த இடம் ஆற்றின் இருபுறத்துத் தாழ்நிலம். புத்தகத்தில் அதை வெள்ளச் சமவெளி என்கிறார்கள். நாம் வெளி, பள்ளக்காணி, மடு, வில்லு என்று பல பெயர்களால் அதை அறிவோம். ஆறு என்பது ஓடும் வாய்க்கால் மாத்திரமல்ல. மாரியில் அது படுத்துக்கொள்ளும் நிலமும் சேர்ந்ததே ஆறு.

எமது ஊர்ப்பெயர்களைப் பாருங்கள். போரதீவு, முனைத்தீவு, மகிழூர்முனை என்று தீவும் முனையுமான இடங்களில் முன்னோர் குடியிருந்தார்கள். வெளி, மடு, பள்ளம் எனப்பட்டவற்றில் விதைத்தார்கள், மாடு மேய்த்தார்கள், மீன் பிடித்தார்கள். எல்லாப் பெயரும் இந்த ஒழுங்குக்குள் அடங்காது என்பது உண்மை. குருமண்வெளி இன்று நல்ல குடியிருப்பு. ஆயினும் ஊருக்குப் பெயர் வைத்தவர்கள் தண்ணீரின் வழியை அறிந்திருந்தார்கள்.

தாழ்நிலம் செய்யும் வேலையைக் கணக்கில் பார்ப்போம். குளத்தின் கொள்ளளவை ஏக்கர் அடியில் சொல்வது நீங்கள் அறிந்ததே. ஓர் ஏக்கரில் ஓர் அடி தண்ணீர் நின்றால் அது ஏறத்தாழ 12 இலட்சத்து 33 ஆயிரம் லீற்றர். அதாவது 5000 லீற்றர் பவுசரில் 247 தடவை ஏற்ற வேண்டிய தண்ணீர். ஆயிரம் ஏக்கர் வெளியில் மூன்று அடி நின்றால் 3000 ஏக்கர் அடி. இது ஒரு குளத்துக்குச் சமமான கொள்ளளவு. சீமெந்தும் இல்லை, துருசும் இல்லை, ஒப்பந்தகாரரும் இல்லை. இந்தத் தண்ணீர் கீழே ஒரே நாளில் வந்து விழாமல் நாலைந்து நாளாகப் பிரிந்து வருவதால், கீழ்ப்புறத்து ஊர்களில் வெள்ளத்தின் உச்சம் தணிகிறது.

கரை அரிப்புக்கும் இதற்கும் நெருங்கிய தொடர்புண்டு. தண்ணீர் பரவ இடமில்லாமல் ஒடுங்கிய வழியில் ஓடும்போது வேகம் எடுக்கும். வேகம் இரண்டு மடங்கானால் கரையில் அது மோதும் விசை நான்கு மடங்காகும். அதே தண்ணீர் புல்லும் நாணலும் மரமும் நிறைந்த வெளியில் ஏறினால் நடை தளர்ந்துவிடும். சுமந்து வந்த வண்டலை அங்கேயே இறக்கிவைக்கும். நிலத்தடியில் ஊறிக் கிணறுகளுக்கும் போகும். வெள்ளம் வடிந்த வயலில் மறுபோகம் நன்றாக விளைவதைப் பழைய கமக்காரருக்கு எவரும் சொல்லிக்கொடுக்கத் தேவையில்லை.

இந்த இடத்தை ஆறு இழந்த கதை ஒரே நாளில் நடந்ததல்ல. கரை மரங்கள் விறகுக்கும் பலகைக்கும் போயின. மக்கள் இடம்பெயர்ந்திருந்த காலத்தில் சிறுகுளங்களையும் வடிச்சல்களையும் பார்க்க ஆளில்லாமற் போயிற்று. யுத்தம் முடிந்தபின் வீதிகள் உயர்த்திப் போடப்பட்டன. நல்ல காரியமே. ஆனால் போதிய மதகு இல்லாமல் வெளிக்குக் குறுக்கே உயர்த்திய வீதி, தண்ணீருக்கு ஒரு கட்டுதான். மேற்குப் பக்கத்து வயல் பத்து நாள் மூழ்கிக் கிடக்க, கிழக்குப் பக்கத்து வயல் காய்ந்து கிடப்பதைப் பார்த்திருப்பீர்கள். வாவியோரத்தில் கிறவல் கொட்டி நிரப்பி வீடு எழுப்பியோரும் உண்டு. தெற்கே கிட்டங்கியில் ஆற்றுவாழை வந்து அடைத்துத் தண்ணீரை மறிப்பதும் பலமுறை நாம் கண்டதே.

எல்லாவற்றிலும் கொடியது ஆற்றுமண் அகழ்வு. 2009க்குப் பின் கட்டட வேலைகள் பெருகியபோது மண்ணுக்குக் கிராக்கி ஏறியது. முந்தனையாற்றுப் பக்கத்தில் இதற்கு எதிராக மக்கள் வீதிக்கு இறங்கியதும் உண்டு. மண்ணைத் தோண்டினால் ஆழமாகித் தண்ணீர் இலகுவாக ஓடுமே, வெள்ளம் குறையுமே என்று சிலர் வாதாடுவர். அவர்களில் சிலர் உழவு இயந்திரப் பெட்டிக்காரராகவும் இருப்பர். ஆற்றின் அடி தாழ்ந்தால் கரையின் கால் தாழ்கிறது. கால் இழந்த கரை அடுத்த மாரியில் சரிகிறது. தோண்டிய குழி தோண்டிய இடத்தில் நிற்பதில்லை. ஓட்டம் அதன் மேல்விளிம்பை அரித்து அரித்து அக்குழியை மேற்புறமாக நகர்த்தும். அரை மைல் தொலைவில் மண் அள்ளியவர் இலாபம் பெற, அள்ளாதவருடைய காணி ஆற்றுக்குள் போகும். கோடையில் கிணற்று நீர் கீழிறங்கும். வாவிக்கு அண்மையில் உப்புத் தண்ணீர் உள்ளே ஏறும். புவிச்சரிதவியல் அளவை மற்றும் சுரங்கங்கள் பணியகத்தின் அனுமதிப்பத்திரம் இன்றி மண் அள்ளுவது சட்டவிரோதம். அனுமதிப்பத்திரம் இருந்தாலும் அதில் இடமும் அளவும் குறிக்கப்பட்டிருக்கும். அதைக் காட்டும்படி கேட்கக் கமக்காரர் அமைப்பு தயங்கக் கூடாது.

கட்டு உயர்ந்தால் போதுமா?

பீகார் மாநிலத்தில் கோசி என்று ஓர் ஆறு இருக்கிறது. இமயமலையிலிருந்து பெருந்தொகையான வண்டலோடு இறங்குவது. 1955ஆம் ஆண்டு தொடங்கி அதன் இருபுறமும் நீண்ட கட்டுகள் எழுப்பப்பட்டன. வெளியில் பரவ வேண்டிய வண்டல் கட்டுகளுக்கு நடுவே படிந்தது, ஆற்றின் அடி உயர்ந்தது, கட்டும் உயர்த்தப்பட்டது. காலப்போக்கில் ஆறு சுற்றுப்புற நிலத்தைவிட உயரத்தில் ஓடியது. 2008 ஆவணி 18ஆம் நாள், நேபாளத்தில் குசகா என்னுமிடத்தில் கட்டு உடைந்தது. அன்று ஓடிய தண்ணீர் அக்கட்டு தாங்க வேண்டிய அளவில் ஐந்தில் ஒரு பங்குகூட இல்லை. பீகாரில் மாத்திரம் முப்பது இலட்சத்துக்கு மேற்பட்டோர் பாதிக்கப்பட்டனர். கட்டை நம்பி அதன் அடியில் வீடு கட்டியவர்களே முதலில் அகப்பட்டனர்.

அவ்வளவு தூரம் போகவும் வேண்டியதில்லை. மாவிலாற்றை எம்மில் யாரும் மறந்திருக்க முடியாது. 2006ஆம் ஆண்டு ஆடி மாதத்தில் அதன் துருசு மூடப்பட்டதை அடுத்து மூண்ட சண்டையில் மூதூர், வெருகல் பகுதி மக்கள் எமது மாவட்டத்துக்கு ஓடிவந்தார்கள். 2025 கார்த்திகை இறுதியில் டித்வா புயல் இலங்கை முழுவதிலும் அறுநூறுக்கு மேற்பட்டோரின் உயிரைக் குடித்தபோது, மகாவலியின் பெருவெள்ளத்தில் அதே மாவிலாற்றில் அணைக்கட்டின் ஒரு பகுதி உடைந்து, கீழ்ப்புறத்து மக்கள் வெளியேற நேர்ந்தது. கட்டு இருக்கும்வரை பாதுகாப்பு. உடைந்தால் ஒரே நேரத்தில் எல்லாமே. மெல்ல ஏறும் வெள்ளத்தில் மாட்டை அவிழ்த்துவிட நேரம் கிடைக்கும். உடைப்பு வெள்ளத்தில் அது கிடைக்காது.

கட்டே வேண்டாம் என்பது என் கருத்தல்ல. குடியிருப்பையும் வைத்தியசாலையையும் காக்கக் கட்டு அவசியம். அதை ஆற்றின் உதட்டில் கட்டாமல், பின்தள்ளி, ஊரை ஒட்டிக் கட்டும்படி கேட்க வேண்டும். இடைப்பட்ட நிலம் ஆற்றுக்கு உரியது. அங்கே மேய்ச்சலும் செய்யலாம், சிறுபோகமும் செய்யலாம், வீடு மட்டும் கூடாது.

முகத்துவாரம் வெட்டுவது பற்றியும் ஒரு வார்த்தை. 2011ஆம் ஆண்டு தையிலும் மாசியிலும் இரண்டு அலைகளாக வந்த வெள்ளத்தில் எமது மாவட்டத்திலேயே ஐந்து இலட்சத்துக்கு மேற்பட்டோர் பாதிக்கப்பட்டபோது, எல்லோர் கண்ணும் முகத்துவாரத்தில்தான் இருந்தது. வெட்டினால் வாவி இறங்கும், தாழ்ந்த வட்டைகள் தப்பும். முந்தி வெட்டினால் உப்பு ஏறும், மீன்குஞ்சும் இறாலும் கெடும். பிந்தி வெட்டினால் பயிர் அழுகும். கமக்காரருக்கும் மீனவருக்கும் இடையில் வருடந்தோறும் இதனால் மனக்கசப்பு. எப்படியாயினும், வாசலைத் திறப்பதால் வாவியின் மட்டம் குறையுமே தவிர, மேலே நவகிரியாற்றங்கரையில் காணி அறுந்து விழுவது நிற்காது. அதற்கு மருந்து மேலேதான் இருக்கிறது.

இடம் கொடுத்தவர்களின் கதை

1638இல் போர்த்துக்கேயரிடமிருந்து மட்டக்களப்புக் கோட்டையைப் பிடித்த ஒல்லாந்தரின் நாடு கடல்மட்டத்துக்குக் கீழே ஏறத்தாழக் கால்பங்கு கிடக்கும் நாடு. கட்டுக் கட்டுவதில் அவர்களை வெல்ல உலகில் ஆளில்லை. 1993இலும் 1995இலும் வந்த வெள்ளங்களின் பின் அவர்களே தம் போக்கை மாற்றினார்கள். 1995இல் இரண்டரை இலட்சம் பேரை அவர்கள் வீடுகளிலிருந்து வெளியேற்ற வேண்டியதாயிற்று. இனிக் கட்டை உயர்த்திக்கொண்டே போவதில் பயனில்லை, ஆற்றுக்கு இடம் விடுவோம் என்று தீர்மானித்து, முப்பதுக்கு மேற்பட்ட இடங்களில் கட்டுகளைப் பின்தள்ளினார்கள், பழைய கிளையாறுகளைத் திறந்தார்கள், கரைநிலத்தைத் தாழ்த்தினார்கள்.

அவற்றுள் ஓவர்டீப்சே போல்டர் என்னும் ஓர் இடத்தின் கதை எமக்கு முக்கியமானது. அங்கே பால்மாட்டுப் பண்ணைக்காரர்கள் இருந்தார்கள். தங்கள் நிலத்தை வெள்ளத்துக்குத் திறக்கப்போகிறார்கள் என்று அறிந்ததும் அவர்கள் மறியலோடு நிற்கவில்லை. கூடிப் பேசி, தாங்களே ஒரு திட்டம் வரைந்தார்கள்: பின்புறக் கட்டை ஒட்டி உயர்ந்த மண்மேடுகள் எழுப்பி, அவற்றில் வீடும் தொழுவமும் கட்டுவோம், சராசரியாக 25 வருடத்துக்கு ஒருமுறை வெள்ளம் புல்வெளியில் வரட்டும். அரசாங்கம் அத்திட்டத்தை ஏற்று எட்டு மேடுகளை அமைத்தது. எல்லோருக்கும் அங்கே இடம் கிடைக்கவில்லை. ஏறத்தாழப் பாதிக் குடும்பங்கள் நட்டஈடு பெற்று வேறிடம் சென்றன. பிறந்த மண்ணை விட்டுப் போவது பணத்தால் ஆறுகின்ற காயமல்ல என்பதை உங்களுக்கு நான் எழுத வேண்டியதில்லை. ஆனால் முதலில் பேசியவர்கள் காணிக்காரர்கள், கையில் உறுதியோடு பேசினார்கள், இழப்புக்கு விலை பெற்றார்கள். இந்த மூன்றையும் கவனியுங்கள். எமது பகுதியில் பெரும்பாலும் குறைவாக இருப்பவை இவையே.

எமது மக்களில் எத்தனை பேரின் அனுமதிப்பத்திரம் இடப்பெயர்விலும், 2004 மார்கழி 26ஆம் திகதிய கடற்கோளிலும் போயிற்று! ஒத்திக்கும் குத்தகைக்கும் செய்தவர்களுக்கு முன்பும் கடதாசி இல்லை. ஆற்றங்கரைப் பாதுகாப்பு என்று நாளை ஒரு திட்டம் வருமாயின், கடதாசி இல்லாதவன் காணியே முதலில் 'ஆற்று ஒதுக்கு' என்று அளக்கப்படும். அதே ஆற்றோரத்தில் நாலு அந்தர் கம்பியால் அடைத்து வைத்திருக்கும் செல்வாக்குள்ளவரின் வேலி அப்படியே நிற்கும். இது நடவாதென்று நினைக்க எனக்கு மனமில்லை. ஆகையால் மரம் நடுமுன் செய்ய வேண்டிய வேலை, கமநல சேவை நிலையத்திலுள்ள விவசாயக் காணிப் பதிவேட்டில் உங்கள் பெயர் இருக்கிறதா என்று பார்ப்பது. செய்கை பண்ணுபவர் பெயரும் அதில் பதியப்பட வேண்டும். 2000ஆம் ஆண்டின் 46ஆம் இலக்கக் கமநல அபிவிருத்திச் சட்டம் இதற்கு இடமளிக்கிறது. அனுமதியின்றி வயலை நிரப்புவதையும் அதே சட்டம் தடுக்கிறது.

இன்னொரு விடயம். மேலே உங்கள் வட்டை மூன்றடித் தண்ணீரைத் தாங்குவதால் கீழே கடைத்தெரு தப்புகிறது என்றால், நீங்கள் வெறும் 'பாதிக்கப்பட்டவர்' அல்ல, ஒரு வேலை செய்தவர். குடலைப் பருவத்தில் பயிர் மூழ்கினால் அந்தப் போகம் போனதுதான். அதற்குரிய கொடுப்பனவை நிவாரணப் பொதியாகப் பெறுவது ஒன்று, செய்த வேலைக்குரிய உரிமையாகக் கேட்பது வேறொன்று. விவசாய, கமநலக் காப்புறுதிச் சபையின் காப்புறுதி ஒரு தொடக்கமே.

கையில் எடுக்கக்கூடியவை

கரையில் முதலில் பார்க்க வேண்டியது வளைவு. ஆறு வளையுமிடத்தில் வெளிக்கரை அறுந்து, உட்கரையில் மண் சேரும். வெளிக்கரையில் விளிம்புவரை உழுவதை நிறுத்துங்கள். அந்த இரண்டு மூன்று வரம்பு நெல்லால் கிடைப்பது சில மரைக்கால், போவது காணி. நீர்மட்டத்தை ஒட்டி நாணல், அதற்கு மேலே சரிவில் நெருக்கமாக வெட்டிவேர், மேற்கரையில் மருது, புங்கு, மூங்கில் என்று அடுக்காக வைக்கலாம். மருது எமது ஆறுகளின் சொந்த மரம். வெள்ளத்தில் நின்றும் சாகாது, அதன் வேர் கரையை வலைபோலப் பிடிக்கும். தென்னை கரையைக் காக்கும் என்று நம்பி நட்டவர்கள் உண்டு. அடிமண் கரைந்ததும் அது கரையில் ஒரு துண்டையும் இழுத்துக்கொண்டு ஆற்றில் விழும்.

கன்றுகளை ஐப்பசியில் நட்டால் மார்கழி வெள்ளம் பிடுங்கிக்கொண்டு போகும். தண்ணீர் இறங்கி ஈரம் இருக்கும்போது, தை பிற்பகுதியிலோ மாசியிலோ நடுவது உத்தமம். அதன்பின் கச்சான் காற்று வீசும் மாதங்களில் தண்ணீர் ஊற்ற ஆள் வேண்டும், மாட்டுக்கு வேலி வேண்டும். படம் எடுப்பதற்காக நடும் மரங்கள் எத்தனையோ பார்த்துவிட்டோம். கடற்கோளுக்குப் பின் இலங்கைக் கரையோரங்களில் கண்டல் நட்ட 23 இடங்களை ஆய்வாளர்கள் பின்னர் போய்ப் பார்த்தபோது, ஒன்பது இடங்களில் ஒரு கன்றுகூட எஞ்சியிருக்கவில்லை. பொருந்தாத இடத்தில் நட்டதும், பின்பு எவரும் திரும்பிப் பார்க்காததுமே முக்கிய காரணங்கள். வாவியோரத்தில் கண்டலும் தில்லையும் தாமாக முளைக்குமிடத்தை வெட்டாமல் விட்டாலே பாதி வேலை முடிந்தது.

தூர்ந்த பழைய ஆற்றுக் கிளைகள், மடுக்கள், வில்லுகள் உங்கள் வட்டையில் எங்கெங்கே இருந்தன என்பதை வயதானவர்களிடம் கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். அவற்றைத் தோண்டி ஆற்றோடு தொடுப்பது கட்டு உயர்த்துவதைவிடச் செலவு குறைந்தது. கோடையில் மாட்டுக்குத் தண்ணீரும் மீனும் மேலதிகமாகக் கிடைக்கும். வடக்கே மகாவலியின் கீழ்ப்பகுதியிலுள்ள வில்லுகளில் கோடைகாலத்தில் மாடும் எருமையும் மேய்ந்து பிழைப்பதை அறிவீர்கள். அங்கே மேலணைகளால் வெள்ளம் குறைந்ததும் வில்லுகள் நலிந்தன. வெள்ளம் மிஞ்சினாலும் கேடு, அறவே வராவிட்டாலும் கேடு.

வெள்ளம் வந்த மட்டத்தை ஒவ்வொரு மாரியிலும் சுவரிலோ மரத்திலோ தந்திக் கம்பத்திலோ வெள்ளைக்கோடிட்டு வருடத்தை எழுதிவையுங்கள். மூன்று நான்கு மாரிக்குள், வருடந்தோறும் மூழ்குவது எது, பெருவெள்ளத்தில் மட்டும் மூழ்குவது எது, மூழ்காதது எது என்று தெளிவாகிவிடும். வீட்டுத்திட்டம் கிடைக்கும்போது மூழ்காத நிலத்தைக் கேளுங்கள். இல்லையேல் மேடு போட்டுத்தான் அத்திவாரம் என்று ஒற்றைக்காலில் நில்லுங்கள். விதைநெல், கிணறு, மலசலகூடம் மூன்றுக்கும் இதுவே விதி.

புரட்டாதியில் பெரும்போக ஆரம்பக் கூட்டம் கூடும்போது நீர்ப்பாசனத் திணைக்களத்தாரும் பிரதேச செயலகத்தாரும் கமநல உத்தியோகத்தரும் ஒரே மேசையில் இருப்பார்கள். தனித்தனியாகப் பின்னால் அலைவதைவிட, வெள்ளக்கோடுகளும் பழைய மடுக்களும் மதகு தேவையான இடங்களும் மண் அள்ளும் துறைகளும் குறித்த ஒரு வரைபடத்தை அன்றைக்கு மேசையில் வையுங்கள். பாடசாலை மேல்வகுப்புப் பிள்ளைகளைக் கொண்டு அதை வரைவிக்கலாம். மூன்று பிரதி எடுத்து, ஒன்றில் திகதியோடு கையொப்பம் வாங்கி, வட்டைவிதானையிடம் கொடுத்து வையுங்கள்.